முதல் ஃபெராரியின் தாய்ப் பத்திரம்

முதல் நாள்: மிலான்

"எத்தனையாவது ஓனர்?"

நம் ஊரில் பழைய கார் பேரம் இந்தக் கேள்வியில்தான் தொடங்கும். அப்பா திருச்சி பாலக்கரையில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபியட் வண்டிகளுக்கு வேலை பார்த்தவர். யாராவது "ஒரு வண்டி வந்திருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்று கூப்பிட்டால், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பார். எத்தனை பெயர், எந்த ஊர், யார் எத்தனை வருடம் வைத்திருந்தார்கள் என்று பார்ப்பார். ஆறு மாதத்தில் கைமாறியிருந்தால் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "இங்க என்னமோ நடந்திருக்கு" என்பார். பெரும்பாலும் நடந்துதான் இருக்கும்.

அதே கேள்வியை ஒரே ஒரு காரிடம் கேட்பதற்காக இத்தாலிக்கு வந்திருக்கிறேன். ஆறு நாள் பயணம். தினமும் ராத்திரி எழுதிப் போடுவதாகத் திட்டம்.

அந்தக் காரின் பெயர் ஆட்டோ ஆவியோ கோஸ்த்ருட்சியோனி 815. எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர் என்பதுதான் 815. 1940-ல் இரண்டே இரண்டு செய்தார்கள். செய்தவர் என்ஸோ ஃபெராரி. ஆனால் காரில் அவர் பெயர் இல்லை. 1939-ல் ஆல்ஃபா ரோமியோ கார் கம்பெனியை விட்டு அவர் விலகியபோது, நான்கு வருடத்துக்குத் தன் பெயரில் பந்தயக் கார் எதையும் இறக்கக்கூடாது என்று ஒப்பந்தம். அதனால் மோதெனாவில் தொடங்கிய பட்டறைக்கு இந்த நீளமான பெயரை வைத்தார். ஃபெராரி சொந்தமாகச் செய்த முதல் கார் எது என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் இதைத்தான் காட்டுவார்கள்.

ஒன்றின் எண் 020, இன்னொன்றின் எண் 021. ஒன்று அல்பெர்த்தோ அஸ்காரிக்கு, மற்றது மோதெனாவின் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த லொத்தாரியோ ரங்கோனி மக்கியவெல்லிக்கு. இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே குளிர்காலத்தில் பிறந்தவை. ஒன்று இன்றும் இருக்கிறது. இன்னொன்று காயலான் கடைக்குப் போய்விட்டது. ஏன் இது பிழைத்தது, ஏன் அது போனது? எனக்கு இது பல வருடமாக மனதில் கிடக்கும் கேள்வி.

முதல் ஓனரிடமிருந்து தொடங்குவதுதான் முறை என்று, பெட்டியை அறையில் வைத்த கையோடு மிலானின் மோனுமெந்தாலே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். 1866-ல் திறந்தது. வாசலே ஒரு அரண்மனை மாதிரி இருக்கிறது. உள்ளே அந்தோனியோ அஸ்காரியும் அவர் மகன் அல்பெர்த்தோவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அப்பா அந்தோனியோ, ஆல்ஃபா ரோமியோ அணியில் ஃபெராரியின் தோழர். 1925 ஜூலை 26 அன்று பிரான்ஸில் மோன்லெரி பந்தயத்தில் இறந்தார். மகனுக்கு அப்போதுதான் ஏழு வயது முடிந்திருந்தது. அந்தப் பையன் வளர்ந்து முதலில் மோட்டார் சைக்கிள் ஓட்டினான். நாலு சக்கரத்தில் அவன் இறங்கிய முதல் பந்தயமே இந்த 815-ல்தான். பிறகு 1952, 1953 இரண்டு வருடமும் ஃபெராரிக்காக உலக சாம்பியன். 1955 மே 26 அன்று மோன்ஸாவில் இறந்தார். அப்பாவுக்கும் மகனுக்கும் இறக்கும்போது ஒரே வயது, 36. தேதியும் 26.

இறந்துபோன நண்பனின் பிள்ளைக்குத் தன் முதல் காரைச் செய்து கொடுத்திருக்கிறார் ஃபெராரி. ஆர்.சி. புத்தகத்தில் அது ஒரு வரிதான். கல்லறைக்கு முன்னால் நிற்கும்போது அந்த வரி வேறு மாதிரி கனக்கிறது. வாசலில் வாங்கிய வெள்ளைப் பூங்கொத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு வயதான அம்மா வேறு ஏதோ கல்லறைக்குத் தண்ணீர் வாளி எடுத்துப் போனார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

இரண்டாம் நாள்: ப்ரெஷா

காலை ரயிலில் ப்ரெஷா. மில்லே மில்லியா பந்தயத்தின் சொந்த ஊர். ஊருக்கு வெளியே சாந்த் எவுஃபேமியா என்ற பழைய மடாலயத்தில் அந்தப் பந்தயத்துக்கு ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடப் பழமையான இடம். துறவிகள் நடந்த வளைவுகளுக்குக் கீழே பந்தயக் கார்கள்.

1927 முதல் 1957 வரை நடந்த பந்தயம் அது. ப்ரெஷாவில் கிளம்பி ரோம் வரை போய்த் திரும்புவது. ஆயிரம் மைல். ஆனால் 815 ஓடிய வருடம் மட்டும் கதை வேறு. 1938-ல் பொலோனியாவில் ஒரு கார் கூட்டத்துக்குள் புகுந்து பத்துப் பேர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. அரசு தடை போட்டது. 1939-ல் பந்தயமே இல்லை. 1940 ஏப்ரல் 28 அன்று, ஊர்களுக்கு நடுவே போகாமல், ப்ரெஷா, கிரெமோனா, மாந்தோவா என்று ஒரு முக்கோணமாகச் சாலைகளை மூடி, ஒன்பது சுற்று ஓட்டினார்கள். ஐரோப்பாவில் போர் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. இத்தாலி போரில் இறங்கியது அடுத்த ஜூன் 10. ஆறே வாரம் இடைவெளி.

கார் செய்யக் கிடைத்த நேரத்தை நினைத்தால் எனக்கு மலைப்பு. 1939 டிசம்பர் கடைசியில் பேச்சு முடிகிறது. ஏப்ரல் கடைசியில் பந்தயம். நாலு மாதத்தில் வெறும் தாளிலிருந்து இரண்டு கார். வடிவமைப்புப் பொறுப்பு அல்பெர்த்தோ மஸ்ஸிமீனோவுக்கு. ஓட்டிப் பார்த்துச் சரிசெய்தவர் என்ரிகோ நார்தி. பிற்காலத்தில் மரப்பிடி ஸ்டீயரிங் வீலுக்குப் பெயர் வாங்கிய அதே நார்தி. உடற்கூடு மிலானின் தூரிங் கம்பெனியில். மெல்லிய எஃகுக் குழாய்களில் கூடு கட்டி, அதன்மேல் தகட்டைத் தட்டிப் போர்த்துவது அவர்கள் முறை. மூங்கில் சட்டத்தில் காகிதம் ஒட்டிய பட்டம் போல. சூப்பர்லெஜெரா என்று பெயர், மிக இலேசானது என்று பொருள்.

பந்தயத்தில் இரண்டும் முடிக்கவில்லை. அஸ்காரி தன் வகுப்பில், அதாவது ஒன்றரை லிட்டர் எஞ்சின் கார்களில், முந்திக்கொண்டு போனார், சீக்கிரமே வால்வு இயக்கம் உடைந்து நின்றுவிட்டது. கூட உட்கார்ந்திருந்தவர் ஜொவான்னி மினோத்ஸி. ரங்கோனியும் நார்தியும் அதன்பிறகு அந்த வகுப்பில் முன்னுக்கு வந்து, அரை மணி நேரத்துக்கும் மேல் முன்னிலை எடுத்து, கடைசிச் சுற்றுகள் நெருங்கும் நேரத்தில் எஞ்சின் போய்விட்டது. மொத்தப் பந்தயத்தையும் ஜெயித்தது ஜெர்மானியர்கள் கொண்டுவந்த பிஎம்டபிள்யூ 328. மணிக்கு 166 கிலோமீட்டருக்கும் மேல் சராசரி.

ஓர் எஞ்சினின் முதல் ஓட்டம் இப்படித்தான் இருக்கும். பட்டறைக்காரர்களுக்கு அது தெரியும். நான்கு மாதத்தில் செய்த வண்டி அரை மணி நேரம் முன்னால் போனதைத்தான் நான் பார்க்கிறேன்.

மூன்றாம் நாள்: முக்கோணம்

இன்று வாடகைக்கு ஒரு சின்ன ஃபியட் பாண்டா எடுத்து அந்த முக்கோணத்தை முழுதாகச் சுற்றி வந்தேன். ப்ரெஷாவிலிருந்து கிரெமோனாவுக்கு 45 பிஸ் சாலை, அங்கிருந்து மாந்தோவாவுக்குப் பத்தாம் எண் சாலை, திரும்பி வர கோயித்தோ வழி. ஒரு சுற்று ஏறத்தாழ 165 கிலோமீட்டர். ஜெயித்த காருக்கு இது ஒரு மணி நேரம். எனக்குக் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை ஆனது.

போ ஆற்றுச் சமவெளி தஞ்சாவூர்ப் பக்கத்தை மாதிரி தட்டை. கண்ணுக்கு எட்டுமட்டும் வயல். மக்காச்சோளம் அறுத்து முடித்துத் தாள் மட்டும் நிற்கிறது. வாய்க்கால் ஓரமாக வரிசையாகப் பாப்லர் மரங்கள். சாலை ஐந்து, ஆறு கிலோமீட்டர் நூல் பிடித்த மாதிரி நேராகப் போய், ஒரு தேவாலயக் கோபுரத்தின் முன் சட்டென்று திரும்புகிறது. அந்தத் திருப்பங்களில் எல்லாம் வேகத்தைக் குறைத்தேன். 72 குதிரைத்திறன் சொச்சம் உள்ள எஞ்சின், இலேசான உடல், மணிக்கு 170-ஐத் தொடும் வண்டி, 1940-ன் டிரம் பிரேக், 21 வயதுப் பையன். ஒரு திருப்பத்தில் வண்டியை ஓரம் கட்டி இறங்கி நின்றேன். டிராக்டர் ஒன்று போனது. வேறு சத்தம் இல்லை.

கிரெமோனாவில் மதியம். அது வயலின் ஊர், வயலின் செய்து பெயர் வாங்கிய ஸ்த்ராதிவாரியின் ஊர். கார் ஆராய்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்துத்தான் வயலின் அருங்காட்சியகத்துக்குள் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் 1715-ல் செய்த ஒரு ஸ்த்ராதிவாரி. இப்போது பெயர் 'இல் கிரெமோனேஸே', முன்பு யோவாகிம் என்ற பெரிய வித்வானிடம் இருந்ததால் அவர் பெயராலும் அதைச் சொல்கிறார்கள். இந்த வாத்தியங்களுக்கெல்லாம் இதுதான் வழக்கம். யார் வைத்திருந்தாரோ அவர் பெயர் வாத்தியத்தின்மேல் ஒட்டிக்கொள்கிறது. விற்றாலும் போகாது. 1961-ல் கிரெமோனா ஊரே அதைத் திரும்ப வாங்கியிருக்கிறது. இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, தன்னைச் செய்த ஊருக்கே திரும்பி வந்த பொருள். அந்தப் பெட்டிக்கு முன்னால் நான் நினைத்ததைவிட அதிக நேரம் நின்றுவிட்டேன்.

மாந்தோவாவில் பூசணிக்காய் அடைத்த தோர்தெல்லி சாப்பிட்டேன், கொஞ்சம் தித்திப்பு. நேரமாகிவிட்டதால் ஊரைப் பார்க்கவில்லை.

நான்காம் நாள்: மோதெனா

இன்று நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

காலையில் என்ஸோ ஃபெராரி பிறந்த வீடு. ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். செங்கல் கட்டடம், பக்கத்தில் அவர் அப்பா அல்ஃப்ரேதோ ரயில்வேக்கு இரும்பு வேலை செய்த பட்டறை. அதையொட்டி 2012-ல் திறந்த புது அருங்காட்சியகம், மேலே பெரிய மஞ்சள் கூரை, காரின் பானெட் மாதிரி. அந்தப் பழைய பட்டறைக்குள் இப்போது எஞ்சின்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஃபெராரி பிறந்தது 1898 பிப்ரவரி 18. பதிவானது 20. பனி அதிகமாகப் பெய்து அப்பாவால் பதிவு அலுவலகத்துக்குப் போக முடியவில்லை என்பார்கள். மனிதருக்கே பத்திரத்தில் ஒரு தேதி, நிஜத்தில் ஒரு தேதி. பழைய காரின் காகிதங்களைப் படிக்கிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

பிறகு வியாலே திரெந்தோ திரியெஸ்தே. அங்கே 11-ஆம் எண்ணில்தான் ஃபெராரியின் பட்டறை இருந்தது. மாடியில் குடியிருப்பு, கீழே வேலை. 815 பிறந்த இடம். பழைய கட்டடம் இப்போது இல்லை. சாலை அகலம், மர நிழல், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். 1943-ல் போர்க்காலச் சட்டத்தின்படி தொழிற்சாலைகளை நகரத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னபோது அவர் மரனெல்லோவுக்குப் போனார். போரின்போது பட்டறையில் கார் வேலை நின்று, இயந்திரக் கருவிகள் செய்தார்கள். மரனெல்லோவிலும் 1944-லும் 1945-லும் குண்டு விழுந்தது.

இப்போது எஞ்சின் விஷயம். நான் இவ்வளவு தூரம் வந்ததற்கு இது ஒரு காரணம். நான்கு மாதத்தில் புது எஞ்சின் முழுக்கச் செய்ய முடியாது. கடையில் கிடைக்கும் உறுப்புகளை வைத்துத்தான் தொடங்க வேண்டும். மஸ்ஸிமீனோ எடுத்தது ஃபியட் 508 சி, அதாவது 1937-ல் வந்த ஃபியட் 1100. அதன் நாலு சிலிண்டர் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம், இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து எட்டு சிலிண்டராக்கினார். அவற்றைத் தாங்க அலுமினிய பிளாக் ஒன்றைப் பொலோனியாவின் கல்ட்சோனி வார்ப்படச் சாலையில் புதிதாக வார்த்தார்கள். கிராங்க் ஷாஃப்டும் கேம் ஷாஃப்டும் சொந்தப் பட்டறையில். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் ஃபியட்டை அடிப்படையாக வைத்தது. ஃபியட் உறுப்புகளை வைத்துச் செய்த கார் வகுப்பில் ஜெயித்தால் ஃபியட் பரிசுப் பணம் கொடுக்கும், அதுவும் ஒரு காரணம்.

அந்த 508 சி எஞ்சினின் அளவு, சிலிண்டரின் உள் விட்டம் 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75 மில்லிமீட்டர், 1089 சிசி. இந்த எண்களைப் படித்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாலக்கரைப் பட்டறைச் சுவரில் அப்பா சாக்பீஸால் எழுதிவைத்திருந்த எண்கள் அவை. 68, 75. நம் ஊரில் ஓடிய ஃபியட் 1100-க்கும், பிரீமியர் பத்மினிக்கும் அதே விட்டம், அதே ஸ்ட்ரோக், அதே 1089 சிசி. 1937-ல் தொடங்கிய அந்த எஞ்சின் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள்தான் நம் டாக்ஸி ஸ்டாண்டுகளில் நின்றன. 815-க்காக விட்டத்தை 63 ஆகவும் ஸ்ட்ரோக்கை 60 ஆகவும் குறைத்து, எட்டு சிலிண்டருக்கு 1496 சிசி வரவைத்தார்கள். ஆனால் மேலே உட்கார்ந்திருந்த ஹெட் எங்கள் வீட்டுச் சொந்தக்காரன். அப்பா ஆயுள் முழுக்கக் கழற்றி மாட்டிய பொருளின் மூதாதை, முதல் ஃபெராரிக்குள் இருந்தது.

சாயங்காலம் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொன்னேன். எழுபது வயது இருக்கும். அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தார். அந்த அம்மா எழுந்து போய் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்தார். அவர் அப்பா வைத்திருந்த ஃபியட் 1100-க்கு வாங்கிய 'எஸ்த்ராத்தோ குரோனோலாஜிகோ'. இத்தாலியில் 1927 முதல் வாகனங்களுக்கு ஒரு பொதுப் பதிவேடு உண்டு, பி.ஆர்.ஏ. என்பார்கள். கார் பிறந்த நாளிலிருந்து யார் யாரிடம் இருந்தது என்பது அதில் வரிசையாக ஏறும். கேட்டால் அதன் நகல் கிடைக்கும். நிலத்துக்கு நாம் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போமே, அதேதான் இது காருக்கு. அடமானம் இருந்தால் அதுவும் இருக்கும்.

அந்தத் தாளை விளக்கருகே வைத்து வரி வரியாகப் படித்தோம். கைப்பிரதியின் நகல், சாய்ந்த எழுத்து, மை சில இடங்களில் திட்டாக ஊறியிருந்தது. தேதி, பெயர், அப்பா பெயர், ஊர், விற்ற விலை லீராவில். ஒரு பெயருக்குப் பின்னால் 'ஃபூ' என்று இருந்தது. அது என்ன என்று கேட்டேன். காலஞ்சென்றவரின் மகன் என்று பொருளாம். நம் பழைய பத்திரங்களில் 'காலஞ்சென்ற இன்னார் குமாரர்' என்று எழுதுவோமே, அச்சு அசல் அதேதான். மூன்றாவது வரியில் நம்பர் மாறியிருந்தது. அந்தக் காலத்தில் நம்பர் பிளேட்டில் மாகாணத்தின் எழுத்து இருக்கும், மோதெனாவுக்கு எம் ஓ. வண்டி வேறு மாகாணத்துக்குப் போனால் புது நம்பர் எடுக்க வேண்டும். 1994-ல் இந்த முறை போய்விட்டது. பழைய இத்தாலியக் காரின் பின்னால் அலைபவர்களுக்கு அந்த எழுத்துதான் வழிகாட்டி. நம்பர் மாறிய இடத்தில் கார் ஊர் மாறியிருக்கிறது.

கடைசி வரி அந்த அம்மாவின் அப்பா பெயர். அதற்குக் கீழே 'தெமோலீத்தோ', உடைத்துவிட்டார்கள். அவர் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துச் சிறிது நேரம் எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள்: ஸ்பிலம்பெர்த்தோ

இரண்டாவது காரின் ஓனரைத் தேடி பஸ்ஸில் ஸ்பிலம்பெர்த்தோ. ரங்கோனி குடும்பத்தின் பெயரைத் தாங்கிய கோட்டை ஊர் நடுவே இருக்கிறது. 2005 முதல் ஊராட்சியின் கையில்.

லொத்தாரியோ ரங்கோனி போரின்போது 1942-ல் இறந்தார். அவர் கார் தம்பி ரோலாந்தோவுக்கு வந்தது. பணம் இருந்த குடும்பம், கோட்டை இருந்த குடும்பம். ஆனாலும் கார் தங்கவில்லை. பழைய இரும்போடு இரும்பாக உடைபட்டது. அந்தக் காலத்தில் அது தோற்றுப்போன ஒரு பழைய பந்தய வண்டி, அவ்வளவுதான். ஃபெராரி என்ற பெயர் அதில் இல்லை. பெயர் இருந்திருந்தால் யாராவது ஒருவர் யோசித்திருப்பார் என்றே எனக்குப் படுகிறது. நான்கு வருட ஒப்பந்தம் ஒன்று, பல வருடம் கழித்து ஒரு காரைக் கொன்றிருக்கிறது.

இதே ஊரில் பால்சமிக் என்ற திராட்சை வினிகருக்கு ஓர் அருங்காட்சியகம் உண்டு. பெரிதிலிருந்து சின்னதாக வரிசையாக மரப்பீப்பாய்கள். பெண் குழந்தை பிறந்தால் ஒரு வரிசை தொடங்கிவைத்து, கல்யாணத்தின்போது சீதனமாகக் கொடுப்பது மோதெனாப் பக்கத்து வழக்கம். இந்தப் பாரம்பரிய வகையில் பன்னிரண்டு வருடத்துக்குக் குறைந்ததை விற்கவே கூடாது, உயர்ந்த ரகத்துக்கு இருபத்தைந்து. ஒரு கரண்டி நுனியில் கொடுத்தார்கள், கருப்பாக, வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக. மாடியில் அந்த வாசனைக்குள் நிற்கும்போது ரங்கோனியின் காரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர்க்காரர்களுக்குப் பொருளை வைத்துக்கொள்ளத் தெரியாமல் இல்லை.

ஆறாம் நாள்: பன்சானோ

கஸ்தெல்ஃப்ராங்கோ எமீலியா, மோதெனாவிலிருந்து ரயிலில் பத்து நிமிடம். அங்கிருந்து டாக்ஸியில் வயல் நடுவே சில கிலோமீட்டர் போனால் பன்சானோ கோட்டை. செங்கல் கோட்டை. மாரியோ ரிகினி சேர்த்த கார்கள் இங்கே இருக்கின்றன. முன்பே எழுதிக் கேட்டு நாள் வாங்கித்தான் வர வேண்டும். மூன்று மாதம் முன்பே எழுதியிருந்தேன்.

ரிகினியின் குடும்பத் தொழில் பழைய வண்டிகளை உடைப்பது. ஆமாம், காயலான் கடைதான். உடைக்க வந்த வண்டிகளில் எதை உடைக்கக்கூடாது என்று பார்க்கத் தெரிந்த ஒருவர், ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைக்கத் தொடங்கி, இன்று கோட்டை நிறைய நூற்றுக்கணக்கில் நிற்கிறது. வெளிச்சம் கொட்டும் அருங்காட்சியகம் மாதிரி இல்லை. நெருக்கமாக, ஒன்றை ஒன்று உரசாத குறையாக, ஒரு நல்ல பட்டறையில் வண்டிகள் நிற்பது மாதிரி நிற்கின்றன. ரப்பர், பழைய எண்ணெய், ஈரச் செங்கல் எல்லாம் கலந்த வாசனை. கண்ணை மூடினால் பாலக்கரை.

சுற்றிக் காட்டியவர் நடந்துகொண்டே வந்து, ஒரு இடத்தில் ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

கருஞ்சிவப்பு. நான் நினைத்ததைவிடச் சின்னது, தரையோடு பதிந்தது. மூக்கில் படுக்கைக் கோடுகளாகக் கிரில். முன் சக்கரங்களின் மேல் மட்கார்டு தனியாக நிற்காமல் உடலோடு கரைந்து, அப்படியே நீரில் போகும் மீன் மாதிரி பின்னால் குறுகிப் போகிறது. 1940-ல் இது தெருவில் வந்தபோது பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பக்கவாட்டில் குனிந்து, தகட்டின்மேல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பார்த்தேன். தகடு கண்ணாடி மாதிரி சமமாக இல்லை. அங்கங்கே மெல்லிய அலை. ஒரு மனிதன் சுத்தியலும் மர அச்சும் வைத்துத் தட்டிய இடங்கள் அவை. சக்கர வளைவின் உள் விளிம்பில் தகடு மடிந்து கம்பியைச் சுற்றியிருந்த இடம், விரல் நுழையும் அளவு. தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தொடவில்லை. மூக்கிலும் பக்கத்திலும் ஃபெராரியின் குதிரைச் சின்னம் இல்லை.

இந்தக் கார் இங்கே வந்த வழி இது. அஸ்காரிக்குப் பிறகு, போர் முடிந்ததும், என்ரிகோ பெல்த்ராக்கினி என்ற பந்தயக்காரர் கைக்கு வந்தது. பெரிய பெயர் எடுத்தவர் அல்ல. 1947-ல் இதை ஓட்டினார். அதே வருடம் மார்ச்சில்தான் மரனெல்லோவில் ஃபெராரி என்ற பெயரோடு முதல் கார், 125 எஸ், வெளியே வந்து ஓடியது. புது ஃபெராரி பிறந்த வருடத்தில் ஒருவர் பழைய, பெயரில்லாத ஃபெராரியை வைத்துக்கொண்டு பந்தயத்தில் நின்றிருக்கிறார். பிறகு அதை ஓர் அருங்காட்சியகத்துக்கு விற்றார். ஓரிரு வருடத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இந்த ஒரு வரிதான் என்னை இவ்வளவு தூரம் கூட்டிவந்தது. பெரும்பாலான கார்களின் கதையில் விற்றவர் பெயர் மறுபடி வராது. இங்கே வருகிறது. அஸ்காரி உலக சாம்பியன், ரங்கோனி பிரபு, ஃபெராரி ஃபெராரிதான். ஆனால் இன்று இது இருப்பதற்கு நன்றி சொல்ல வேண்டுமானால் நான் முதலில் பெல்த்ராக்கினிக்குச் சொல்வேன். ஜெயிக்காத ஒரு வண்டியை, பெயர் இல்லாத ஒரு வண்டியை, விற்ற பிறகும் விட மனசு வராமல் போய்க் கேட்டு வாங்கிவந்தவர். அடுத்து ரிகினிக்கு. பெல்த்ராக்கினியிடமிருந்து வாங்கியவர் அவர்தான். பிரபு வீட்டுக் கார் காயலான் கடையில் முடிந்தது. இன்னொன்றைக் காயலான் கடைக்காரர் கோட்டையில் வைத்திருக்கிறார்.

பானெட்டைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று சுற்றிக் காட்டியவர் தன்மையாகச் சொன்னார். நான் ஏன் கேட்கிறேன் என்று கேட்டார். 68, 75, பாலக்கரை எல்லாவற்றையும் கைஜாடையும் அரைகுறை இத்தாலிய மொழியும் சேர்த்துச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் காரின் முன்னால் வந்து, பானெட் மேல் கை படாமல், ஹெட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இரண்டாவது எங்கே தொடங்குகிறது என்று காற்றில் உள்ளங்கையால் அளந்து காட்டினார். ஒரு ஃபியட். இன்னொரு ஃபியட்.

வெளியே வந்து கோட்டைச் சுவரோரம் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம் ஆகியிருந்தது. படம் அனுப்பியிருந்தேன், பார்த்துவிட்டாராம்.

"எத்தனை கை மாறிச்சுப்பா?"

நோட்டைப் பார்த்து வாசித்தேன். அஸ்காரி, பெல்த்ராக்கினி, ஒரு மியூசியம், மறுபடி பெல்த்ராக்கினி, அப்புறம் ரிகினி.

"இரு இரு. வித்தவனே திரும்ப வாங்கிருக்கானா?"

"ஆமாம்ப்பா. ஓரிரு வருஷத்துல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பட்டறை நாட்களில் ஆர்.சி. புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு மூடும்போதும் அவர் இப்படித்தான் இருப்பார்.

"அப்ப வண்டி நல்ல வண்டிதான்" என்றார்.